ஸ்கூல் பக்கமே போகாதவர்... உடைந்த பானையை வைத்து உலகுக்கே வரலாற்றுப் பாடம் எடுத்தவர்! யார் இந்த பிளிண்டர்ஸ் பெட்ரி?

எகிப்து மியூசியம் என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? துட்டன்காமனின் தங்க முகமூடி, கண்ணாடிப் பெட்டிக்குள் மம்மி, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கற்சிலை. ஆனால் லண்டனில் ஒரு எகிப்து மியூசியம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வரிசை வரிசையாக மண்பானைகள்தான். பக்கத்திலேயே பாசிமணி, சீப்பு, செருப்பு, துணித் துண்டு, கைப்பிடி உடைந்த ஜாடி.

சுமார் 80 ஆயிரம் பொருட்கள் கொண்ட இந்த இடத்தின் பெயர் பெட்ரி அருங்காட்சியகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குள் இருக்கிறது. மற்ற மியூசியங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பொதுமக்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதற்காக இதை ஆரம்பிக்கவில்லை. மாணவர்கள் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பழங்கால மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவே ஆரம்பித்தார்கள்.

இதை உருவாக்கியவர் வில்லியம் மேத்யூ பிளிண்டர்ஸ் பெட்ரி. இங்கிலாந்தில் எகிப்தியத் தொல்லியலுக்கு என்று அமர்த்தப்பட்ட முதல் பேராசிரியர். சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பேராசிரியர் வாழ்க்கையில் ஒருநாள் கூட ஸ்கூலில் உட்கார்ந்து படித்தவர் இல்லை.

வீடுதான் பள்ளிக்கூடம்

1853 ஜூன் 3. லண்டனை ஒட்டிய சார்ல்டன் என்ற ஊரில் பெட்ரி பிறந்தார். அப்பா வில்லியம் பெட்ரி ஒரு இன்ஜினியர், மின்விளக்கு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அம்மா ஆன், ஆஸ்திரேலியக் கண்டத்தைக் கப்பலில் சுற்றி வந்து வரைபடம் போட்ட கேப்டன் மேத்யூ பிளிண்டர்ஸின் மகள். தாத்தாவின் பெயர்தான் பேரனுக்கும் வந்தது.

சின்ன வயதில் பையனுக்கு உடம்பு அடிக்கடி படுத்தியது. அதனால் பள்ளிக்கு அனுப்பவில்லை. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு என்று வீட்டிலேயே பாடம் திணித்துப் பார்த்தார்கள். பையன் உடல்நலம் இன்னும் மோசமானது. பிறகு அவன் போக்கிலேயே விட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் கல், கனிமம், புதைபடிவம் எல்லாம் சேர்த்து வைத்த பெட்டிகள் இருந்தன. அப்பா துல்லியமாக அளவெடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பக்கத்து ஊரில் பழைய நாணயம் விற்கும் கடை ஒன்று இருந்தது. பெட்ரியின் பள்ளிப்படிப்பு என்றால் இவ்வளவுதான்.

எட்டு வயதில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வைட் தீவில் ரோமானியர் காலத்து வீடு ஒன்றைத் தோண்டி எடுத்த கதையை வீட்டுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி வைத்து மளமளவென்று வெட்டி எடுத்தார்களாம். சிறுவன் பெட்ரிக்கு அதிர்ச்சி. அங்குலம் அங்குலமாக அல்லவா மண்ணைச் சீவி எடுக்க வேண்டும், உள்ளே எது எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று தோன்றியதாம். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலைக்கு விதை இதுதான்.

இளைஞரான பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை அளந்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பெட்ரி ஒரு நம்பர் கொடுத்தார். 1880ல் வெளிவந்த அந்த நம்பர்களைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

பிரமிடுக்கு டேப் வைத்தவர்

அந்தக் காலத்தில் பிரமிடு பற்றி ஒரு வதந்தி பரபரப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண வதந்தி இல்ல, ஸ்காட்லாந்து அரசின் வானியலாளராக இருந்த பியாசி ஸ்மித்தே பரப்பியது. கிசா பெரிய பிரமிடின் அளவுகளுக்குள் கடவுள் கொடுத்த ரகசியக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். பெட்ரியின் அப்பாவும் இதை நம்பினார்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று 1880 கடைசியில் எகிப்துக்குக் கிளம்பினார் 27 வயது பெட்ரி. ஹோட்டலில் தங்கக் காசு இல்லை. பிரமிடுக்குப் பக்கத்தில் பாறையில் குடைந்த பழைய கல்லறை ஒன்றில் குடியேறினார். அலி கப்ரி என்ற உள்ளூர்க்காரர் துணைக்கு இருந்தார்.

பகலில் டூரிஸ்ட் தொல்லை. அதற்கும் ஒரு ஐடியா செய்தார். இளஞ்சிவப்பு உள்ளாடையோடு வெளியே வேலை பார்த்தார். பார்க்கிற வெள்ளைக்காரச் சீமாட்டிகள் நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போனார்கள்!

இரண்டு சீசன் அளந்த பிறகு ரிசல்ட் வந்தது. ரகசியக் கணக்கு என்று எதுவும் இல்லை. பியாசி ஸ்மித் சொன்ன அளவுகள் பொருந்தவில்லை. அப்பா நம்பிய ஒன்றை மகனே அளந்து பொய் என்று காட்டினார். 1883ல் இந்த அளவுகள் புத்தகமாக வந்தன. துல்லியத்தைப் பார்த்து அறிஞர்கள் அசந்து போனார்கள்.

ஆனால் எகிப்தில் பெட்ரி பார்த்த வேறொரு காட்சி அவரைத் தூங்கவிடவில்லை.

தங்கம் வேணும், மத்ததெல்லாம் குப்பை!

அன்றைக்கு எகிப்தில் தோண்டியவர்களில் பலருக்கு ஒரே குறிக்கோள்தான். பெரிய சிலை, கல்வெட்டு, தங்கம். இவை கிடைத்தால் மியூசியத்துக்குப் போகும், அல்லது விலைக்குப் போகும். பானை ஓடு, உடைந்த கருவி, கிழிந்த துணி எல்லாம் குப்பைமேட்டுக்குப் போய்விடும். எந்தப் பொருள், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று எழுதி வைப்பதெல்லாம் அபூர்வம்.

பெட்ரியின் பார்வையில் நாடே தீப்பிடித்து எரிவது போல இருந்தது. எரிந்து முடிவதற்குள் கிடைப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவருக்குக் கைகொடுத்தவர் அமேலியா எட்வர்ட்ஸ். பிரபல நாவலாசிரியை. 1873-74ல் நைல் நதியில் பயணம் போய், சிதைந்து கிடந்த கோயில்களைப் பார்த்து மனம் கலங்கியவர். 1882ல் எகிப்து அகழாய்வு நிதியம் என்ற அமைப்பை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். அந்த அமைப்புக்காக 1884ல் டானிஸ் என்ற இடத்தில் தோண்ட பெட்ரி அனுப்பப்பட்டார்.

பெட்ரி அங்கே வேலை செய்த விதமே வேற. முதல் விஷயம், தொழிலாளிகளுக்கு இனாம். யார் எந்தப் பொருளைக் கண்டெடுத்தாலும், சின்ன மணியாக இருந்தாலும், அதற்குச் சந்தையில் என்ன விலை கிடைக்குமோ அந்தக் காசைக் கூலிக்கு மேல் கொடுத்தார். இதனால் பொருளை ஒளித்து வைத்து வியாபாரியிடம் விற்கும் பழக்கம் குறைந்தது. கண்ணில் படும் எதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கும் பழக்கம் வந்தது.

இரண்டாவது, கல்லறை எண்ணைப் பானையின் மேலேயே மையால் எழுதி வைப்பது. ஒரு பொருளுக்கு மதிப்பே அது கிடைத்த இடம்தான் என்பது பெட்ரியின் பாடம். இடம் தெரியாத பானை வெறும் பானை. இடம் தெரிந்த பானை சாட்சி.

மூன்றாவது, தோண்டியதை உடனுக்குடன் எழுதிப் புத்தகமாக்குவது. அநேகமாக ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு அறிக்கை என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார்.

1889ல் கஹூன் என்ற இடத்தில் இதற்குப் பலன் கிடைத்தது. பிரமிடு கட்டும் வேலையோடு தொடர்புடைய மக்கள் வாழ்ந்த ஊர் அது. சுமார் 3,800 வருடப் பழசு. தச்சர் கருவிகள், விதைகள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்கள், பெண்களின் உடல்நலம் பற்றிய மருத்துவச் சுவடி எல்லாம் கிடைத்தன. மன்னர்களின் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த எகிப்து வரலாற்றில் சாதாரண குடும்பங்களுக்கும் ஒரு இடம் கிடைத்தது.

ஒரு உயில், ஒரு வகுப்பறை

1892 ஏப்ரலில் அமேலியா எட்வர்ட்ஸ் காலமானார். அவர் எழுதி வைத்த உயில்தான் இந்தக் கதையின் திருப்புமுனை.

தன்னிடம் இருந்த எகிப்தியப் பொருட்கள், புத்தகங்கள், ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கத் தேவையான பணம் எல்லாவற்றையும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு எழுதி வைத்திருந்தார். ஏன் ஆக்ஸ்போர்டு இல்ல, கேம்பிரிட்ஜ் இல்ல? காரணம் முக்கியமானது. ஆண்களுக்குக் கொடுக்கும் பட்டத்தைப் பெண்களுக்கும் சமமாகக் கொடுத்த கல்லூரி அதுதான். 1878லேயே அங்கே அந்தக் கதவு திறந்துவிட்டது.

உயிலில் இன்னும் இரண்டு நிபந்தனைகள். பேராசிரியராக வருபவர் 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்ப்பவராகவும் இருக்கக் கூடாது. யாரை மனதில் வைத்து எழுதினார் என்று எல்லோருக்கும் புரிந்தது. பெட்ரிக்கு அப்போது 39.

இப்படித்தான் ஸ்கூல் சர்டிபிகேட் கூட இல்லாத ஒருவர் புரொபசர் ஆனார்.

அவர் வகுப்பில் படிப்பு என்றால் புத்தகம் மட்டும் கிடையாது. அமேலியா கொடுத்த பொருட்களும், பெட்ரி எகிப்திலிருந்து கொண்டுவந்த பொருட்களும் வகுப்பறைக்கு வந்தன. குளிர்காலத்தில் எகிப்தில் தோண்டுவது, கோடையில் லண்டனில் கண்காட்சி வைப்பது என்பது வழக்கமானது. 1894ல் மாணவர்கள் களத்துக்குப் போய் வேலை பழக உதவும் நிதி ஒன்றையும் தொடங்கினார்.

அதே 1894ல் வகுப்பில் வந்து சேர்ந்தவர் மார்கரெட் முர்ரே. பிறந்தது நம்ம கல்கத்தாவில், 1863ல். அங்கே மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி பெற்றவர். 30 வயதுக்கு மேல் மாணவியாக வந்த அவர், 1898லேயே அதே துறையில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பெட்ரி எகிப்தில் இருக்கும் மாதங்களில் துறையைத் தாங்கிப் பிடித்தது முர்ரேதான். எகிப்தியத் தொல்லியலில் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெட்ரியின் மனைவி ஹில்டாவையும் விட்டுவிட முடியாது. கயிற்று ஏணியில் கல்லறைக்குள் இறங்கி சித்திர எழுத்துகளைப் பார்த்து வரைவது, அகழாய்வுக்குப் பணம் திரட்டுவது என்று கடைசி வரை கூடவே உழைத்தார்.

பானை கைப்பிடி சொன்ன ரகசியம்

பெட்ரியின் பெயர் இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்பதற்குக் காரணம் ஒரு பானை. சொல்லப்போனால் அந்தப் பானையின் கைப்பிடி.

1894-95ல் நகாடா என்ற இடத்தில் பெட்ரி குழு தோண்டியது. 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஆனால் ஒரு கல்லறையிலும் எழுத்து இல்லை, ராஜா பெயர் இல்லை. பானைகளும் எகிப்தில் அதுவரை பார்த்த மாதிரி இல்லை. வெளியிலிருந்து படையெடுத்து வந்த புதிய இனம் ஒன்றின் கல்லறைகள் இவை என்று பெட்ரி முடிவு கட்டினார்.

அது தப்பு. பாரோ மன்னர்களுக்கு முன்னால் வாழ்ந்த எகிப்தியர்களின் கல்லறைகளே இவை என்று பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் டி மோர்கன் எடுத்துச் சொன்னார். பெட்ரி பிற்பாடு அதை ஏற்றுக்கொண்டார். அதோடு விடவில்லை. அப்படியென்றால் எந்தக் கல்லறை முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்த முடியுமா என்று யோசித்தார்.

இன்றைக்குக் கார்பன் முறையில் பழைய பொருட்களின் வயதைக் கணிக்க முடியும். அன்றைக்கு அது கிடையாது. பிறகு எப்படி?

ஒரு உதாரணம். உங்கள் போனில் கால் பட்டனைப் பாருங்கள். அதில் இருக்கும் படம் என்ன? பழைய லேண்ட்லைன் ரிசீவர். இப்போது கையில் ரிசீவரே இல்லை, ஆனால் படம் மட்டும் தொடர்கிறது. ரிசீவர் வைத்த போன், ஆன்டெனா வைத்த செல்போன், பட்டன் போன், டச் போன் என்று நாலையும் ஒரு மேஜையில் வைத்தால், எது முதலில் எது பிறகு என்று வருடம் தெரியாமலேயே சொல்லிவிடலாம்.

பெட்ரி இதைத்தான் பானைகளில் கவனித்தார். ஒரு வகை ஜாடியில் வயிற்றுப் பகுதியில் அலை அலையான கைப்பிடி இருந்தது. தூக்குவதற்கு வசதியான, நிஜமான பிடி. இன்னொரு கல்லறையில் அதே வகை ஜாடியில் பிடி கொஞ்சம் சின்னதாகியிருந்தது. மற்றொன்றில் பிடி தேய்ந்து வெறும் மேடு. கடைசியில் கைப்பிடியே போய், அலை மாதிரி ஒரு கோடு மட்டும் அலங்காரமாக நின்றது. ஜாடியின் வயிறும் ஒட்டிப்போய் உருளை மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து அவர் செய்த வேலைதான் அசாத்தியம். பல வகைப் பானைகள் இருந்த சுமார் 900 கல்லறைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு அட்டைத் துண்டு. எந்தெந்த வகைப் பானை அதில் கிடைத்தது என்று குறித்தார். பிறகு அந்தத் துண்டுகளை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்தி, ஒரே மாதிரிப் பானைகள் இருக்கும் கல்லறைகள் பக்கத்தில் வரும்படி அடுக்கினார். கம்ப்யூட்டர் செய்கிற வேலையைக் கையாலேயே செய்தார்.

கிடைத்த வரிசைக்கு 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். ஏன் 1லிருந்து ஆரம்பிக்கவில்லை? இதைவிடப் பழைய கல்லறைகளை எதிர்காலத்தில் யாராவது கண்டுபிடிக்கலாம், அவர்களுக்கு இடம் இருக்கட்டும் என்று முன்னால் உள்ள எண்களைக் காலியாக விட்டுவைத்தார்! பிறகு அவற்றைவிடப் பழைய பண்பாடும் எகிப்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

1899ல் வெளியான இந்த முறையில் பிற்பாடு பல திருத்தங்கள் வந்தன. ஆனால் அடிப்படை இன்றும் உலகம் முழுக்கத் தொல்லியல் மாணவர்களுக்கு ஆரம்பப் பாடம்.

மூன்று வாரம் சலித்த மண்

பெட்ரியின் பொறுமைக்கு ஒரு சம்பவம் போதும். 1903ல் அபிடோஸ் என்ற இடத்தில் கட்டைவிரல் நீளமே உள்ள தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. கூஃபு மன்னரின் பெயர் பொறித்தது. கிசா பெரிய பிரமிடைக் கட்டியவர் இவர்தான். ஆனால் சிலைக்குத் தலை இல்லை.

உடைந்த இடம் புதுசாகத் தெரிந்தது. அதாவது தோண்டும்போதே உடைந்திருக்கிறது. தலை இங்கேதான் எங்கேயோ மண்ணில் இருக்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டு, வெளியே கொட்டிய மண் முழுவதையும் சலிக்கச் சொன்னார் பெட்ரி. சுமார் மூன்று வாரம் சலித்த பிறகு அந்தத் தலை கிடைத்தது. அத்தனை பெரிய பிரமிடைக் கட்டிய மன்னருக்கு இன்று முழுதாக இருக்கும் உருவம் வெறும் ஏழரை சென்டிமீட்டர் உயரம்தான்.

அதே அபிடோஸில் கிடைத்த இன்னொரு பொருளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுமார் 5 ஆயிரம் ஆண்டுகள் பழமையான கல்லறையில், துணி சுற்றிய கை ஒன்று கிடைத்தது. அதில் தங்கமும் நீலக்கல்லும் கோர்த்த நான்கு காப்புகள். பெட்ரி அதைக் கவனமாக கெய்ரோ மியூசியத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த அதிகாரி காப்புகளை வைத்துக்கொண்டு கையைத் தூக்கிப் போட்டுவிட்டார். எகிப்தியர்கள் உடலைப் பதப்படுத்தத் தொடங்கிய ஆரம்ப காலத்துக்கு நேரடி ஆதாரமாக இருந்திருக்க வேண்டிய கை அது. நகை இன்றும் ஜொலிக்கிறது, ஆதாரம் போய்விட்டது.

3,500 பவுண்டில் ஒரு மியூசியம்

1913ல் பெட்ரி தன் சேகரிப்பை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கே 3,500 பவுண்டுக்கு விற்றார். 1915ல் அது மியூசியமாகத் திறக்கப்பட்டது. மாணவர்களும் ஆய்வாளர்களும்தான் முதல் பார்வையாளர்கள். ஒரே வகைப் பொருளின் ஆரம்ப வடிவம், நடு வடிவம், கடைசி வடிவம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்பதே அதன் பலம்.

அங்கே இருக்கும் ஒரு சட்டையின் கதையைக் கேளுங்கள். 1913ல் தர்கான் என்ற இடத்துக் கல்லறையில் அழுக்குத் துணி மூட்டை ஒன்று கிடைத்தது. மற்றவர்கள் என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். பெட்ரி அதையும் கட்டி லண்டனுக்கு அனுப்பினார். அது அப்படியே பல வருடம் கிடந்தது. 1977ல் சுத்தம் செய்யப் பிரித்தபோது, மடிப்பு வைத்துத் தைத்த முழுக்கைச் சட்டை ஒன்று உள்ளே இருந்தது. கார்பன் பரிசோதனையில் அதன் காலம் கி.மு. 3482க்கும் கி.மு. 3102க்கும் இடையே என்று தெரிந்தது. உலகில் இதுவரை கிடைத்த நெய்த ஆடைகளில் மிகப் பழமையானவற்றில் ஒன்று!

முழங்கை மடியும் இடத்திலும் அக்குளிலும் சுருக்கங்கள் இன்னும் இருக்கின்றன. அதாவது யாரோ ஒருவர் அதை நிஜமாகவே போட்டு, கழற்றி வைத்திருக்கிறார். 5 ஆயிரம் வருடம் என்ற எண் ஒரு மாணவருக்கு உறைக்க இதைவிட நல்ல பாடம் எது?

பெட்ரியின் பொருட்கள் லண்டனில் மட்டும் இல்லை. அகழாய்வுக்குப் பணம் கொடுத்த மியூசியங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. அப்படி நூற்றுக்கணக்கான இடங்களுக்கு அவை பரவின. பெட்ரியிடம் படித்த ஹமாடா கோசாகு வழியாக ஜப்பானின் கியோட்டோ வரைக்கும் அவர் முறை போய்ச் சேர்ந்தது.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

இவ்வளவு சாதித்தவரை அப்படியே கொண்டாடிவிடலாமா? முடியாது.

பெட்ரி இனவாதக் கருத்துகள் கொண்டவர். மனிதர்களை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரித்த பிரான்சிஸ் கால்டனின் யூஜெனிக்ஸ் கொள்கையை ஆதரித்தார். எகிப்தியச் சிற்பங்களில் உள்ள முகங்களைப் படமெடுத்து இனம் பிரிக்கும் வேலையும், கல்லறை எலும்புகளைச் சேகரிப்பதும் இந்தச் சிந்தனையோடு சேர்ந்தே நடந்தன. நகாடாவில் பார்த்ததும் புது இனம் படையெடுத்தது என்று அவர் முடிவு கட்டியது கூட இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்ததால்தான்.

2020ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் தன் கட்டடங்களிலிருந்து கால்டனின் பெயரை நீக்கியது. பெட்ரியின் இந்தப் பக்கமும் இப்போது வெளிப்படையாகவே விவாதிக்கப்படுகிறது.

அடுத்த கேள்வி, எகிப்தின் பொருள் ஏன் லண்டனில் இருக்கிறது? அந்தக் கால விதிப்படி, கிடைத்தவற்றில் ஒரு பங்கை கெய்ரோ எடுத்துக்கொண்டு மீதியைத் தோண்டியவர்களுக்குக் கொடுத்தது. சட்டப்படி சரி. ஆனால் எகிப்து அப்போது பிரிட்டிஷ் பிடியில் இருந்தது, தொல்லியல் துறையின் தலைமை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. எகிப்திய மாணவருக்கு அந்தப் பானையைத் தொட்டுப் பார்க்க லண்டனுக்கு டிக்கெட் வேண்டும் என்ற நிலை வந்தது.

இன்னொரு முரணும் உண்டு. எது எதோடு கிடைத்தது என்பதே முக்கியம் என்று சொன்னவரின் பொருட்களே, ஒரு கல்லறையின் பானை ஒரு நாட்டில், மணி இன்னொரு நாட்டில் என்று சிதறிப் போயின. அவற்றை மறுபடி ஒன்று சேர்க்க ஆய்வாளர்களுக்கு உதவுவது, அன்று பானை மேல் மையால் எழுதிய அந்த எண்தான்.

மண்ணைத் தோண்டிய கைகளும் எகிப்தியக் கைகளே. அலி சுயெஃபி என்ற தொழிலாளி பெட்ரியின் வலது கை. குஃப்த் என்ற ஊர்க்காரர்களுக்கு பெட்ரி அகழாய்வுப் பயிற்சி கொடுத்தார். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எகிப்து அகழாய்வுகளில் மேஸ்திரிகளாக வேலை பார்த்து வருகிறார்கள். ஆனால் புத்தக அட்டையில் அவர்கள் பெயர் வந்ததில்லை.

அரிக்கமேட்டுக்கும் இதே பாடம்

எகிப்தில் குரோப் என்ற இடத்தில் கிரேக்கப் பகுதியிலிருந்து வந்த பானைகளை பெட்ரி கண்டார். எகிப்துப் பொருட்களின் காலம் தெரியும் என்பதால், கூடவே கிடந்த கிரேக்கப் பானையின் காலத்தையும் கணித்தார். காலம் தெரிந்த பொருளை வைத்து, தெரியாததன் காலத்தைப் பிடிப்பது. அவ்வளவுதான் விஷயம்.

1945ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் நடந்ததும் இதே போன்ற கணக்குதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்த மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். பெட்ரியின் தோண்டும் முறையில் குறைகள் உண்டு என்று விமர்சித்தவர் அவர். ஆனால் அரிக்கமேட்டில் அவருக்குக் கைகொடுத்தது பானை ஓடுதான். இத்தாலியில் செய்த சிவப்பு நிற ரோமானியக் கிண்ணங்களின் காலம் ஏற்கெனவே தெரியும். அவை கிடைத்த மண் அடுக்கில் கூடவே கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்திய வரலாற்றில் தேதி குறிக்க அது பெரிய பிடிமானம். இந்திய மாணவர்களுக்கு அது பயிற்சிக் களமாகவும் இருந்தது.

அதனால் அடுத்த முறை எழும்பூர் மியூசியத்துக்கோ கீழடிக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, பானைகள் இருக்கும் அலமாரியை வேகமாகக் கடந்துவிட வேண்டாம். ஒரே ஒரு பானை முன் நின்று நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். எதனால் செய்தது? எங்கே தேய்ந்திருக்கிறது? எந்த ஊரில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது? கூட என்ன கிடைத்தது? கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் அந்தச் சின்ன லேபிளில் இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

கடைசிக் காலம்

1922ல் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார் ஹோவர்ட் கார்ட்டர். 17 வயதில் அமர்னாவில் பெட்ரியிடம் வேலை பழகியவர். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு பொருட்களை வெளியே கொண்டுபோக எகிப்தில் கெடுபிடி அதிகமானது. 1923ல் சர் பட்டம் பெற்ற பெட்ரி, 1926ல் தன் அகழாய்வைப் பாலஸ்தீனத்துக்கு மாற்றினார். 1933ல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாட்களை ஜெருசலேமில் கழித்தார்.

1942 ஜூலை 28ல், 89 வயதில் அங்கேயே காலமானார். உடல் சீயோன் மலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தலை மட்டும் அறிவியல் ஆய்வுக்காக லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸுக்கு. உலகப்போர் நேரம் என்பதால் உடனே போய்ச் சேரவில்லை. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. அறிவு பிறப்பிலேயே வருகிறது என்ற அவருடைய தவறான நம்பிக்கையின் மிச்சம் அது.

அவர் விட்டுப்போன பானைகள் மாணவர்கள் கையில் இன்னும் பாடம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர் தப்பாகக் கணித்ததைக் கூட, அவரே சேர்த்து வைத்த பொருட்களையும் எழுதி வைத்த எண்களையும் வைத்து இன்றைய மாணவர்களால் திருத்த முடிகிறது.